ஆண்கள் பெயரில் ஓர் இசைக்குழு

கண்டக்டர் என்றதும் நமக்குத் தோல் பையும் விசிலும்தான் ஞாபகம் வரும். மேற்கத்திய சேர்ந்திசையில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. எழுபது, எண்பது பேர் அமர்ந்து வாசிக்க, பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, சிறு கோலை அசைத்து அவர்களை ஒன்றாகக் கொண்டுசெல்பவரே கண்டக்டர். மேடையில் சத்தமே எழுப்பாத ஒரே ஆள் அவர்தான். இந்தச் சத்தமில்லாத வேலையைத்தான் பெண்களுக்குத் தருவதில்லை என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் நெடுங்காலம் பிடிவாதமாக இருந்தன. பெண் பாடலாம், பியானோ வாசிக்கலாம், ஹார்ப் வாசித்தால் அழகாகவும் இருக்கும். ஆனால் எண்பது ஆண்கள் ஒரு பெண்ணின் கையைப் பார்த்து மூச்சு எடுப்பதா? சிக்கல் அங்கேதான் இருந்தது.

அந்தோனியா பிரிகோ என்ற பெயரை நான் முதலில் அறிந்தது ஓர் ஆவணப்படத்தின் வழியாக. 1974இல் பாடகி ஜூடி காலின்ஸும் இயக்குநர் ஜில் காட்மிலோவும் சேர்ந்து எடுத்த படம். அதில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண், ஊதியம் வாங்காத கலைஞர்களைக் கொண்ட ஓர் ஊர்க்குழுவை ஒத்திகையில் வாட்டி எடுப்பார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பொழுதுபோக்காகச் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அரை மணி நேரத்துக்குள் வெட்கமாகிவிட்டது. பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கை 27 வயதில் நடத்தியவர் அவர்.

பிரிகோ 1902இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிறந்தவர். குழந்தையிலேயே வளர்ப்புப் பெற்றோரிடம் கொடுக்கப்பட்டு, வில்ஹெல்மினா என்ற வேறு பெயரில் வளர்ந்தார். ஆறு வயதில் அவர்களோடு கலிஃபோர்னியா. நகம் கடிக்கும் பழக்கத்தை நிறுத்துவதற்காகத்தான் பியானோவில் சேர்த்துவிட்டார்களாம். வளர்ந்து வீட்டை விட்டு வெளியேறியபோது தன் பிறப்புப் பெயரை மீண்டும் எடுத்துக்கொண்டார். 1923இல் பெர்க்லியில் பட்டம் பெற்றார். பின்னர் பெர்லின் அரசு இசைக் கல்விக்கழகத்தின் கண்டக்டர் பயிற்சியில் சேர்ந்து 1929இல் முடித்தார். அந்த வகுப்பில் தேறிய முதல் அமெரிக்கர் அவர். ஆண், பெண் இருபாலரிலும் முதல். கார்ல் மூக்கிடம் பல ஆண்டுகள் பாடம் கேட்டார். 1930இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு முதல் கச்சேரி. அதே ஆண்டு ஹாலிவுட் பௌலில் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்.

இந்த இடத்தில் ‘முதல் பெண்’ என்ற பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிகோவைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை இஷ்டத்துக்கு அள்ளி வழங்குகிறார்கள். ஆனால் மேரி வூர்ம் 1887லேயே பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தியிருக்கிறார். ஹாலிவுட் பௌலில் 1925லேயே எத்தெல் லெகின்ஸ்கா நின்றிருக்கிறார். முன்னே சென்றவர்களை மறந்துவிட்டால் ஒவ்வொரு தலைமுறையும் ஒன்றிலிருந்தே எண்ணத் தொடங்கும். ‘முதல்’ என்று கைதட்டுகிற உலகம் இரண்டாவது பெண்ணுக்கு வேலை தர வேண்டியதும் இல்லை. பிரிகோவுக்கு நேர்ந்தது அதுதான். அதிசயம் என்று பார்க்க வந்தார்கள். பத்திரிகைகளும் எழுதின. நிரந்தரப் பொறுப்பு மட்டும் எங்கும் கிடைக்கவில்லை.

1933இல் நியூயார்க்கில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த கலைஞர்களைக் கொண்டு உருவான மியூசிஷியன்ஸ் சிம்பொனி, மெட்ரோபாலிட்டன் ஆப்ரா அரங்கில் மூன்று கச்சேரிகளுக்குப் பிரிகோவை ஒப்பந்தம் செய்தது. இரண்டு நன்றாகவே நடந்தன. மூன்றாவதில் பாட வேண்டிய புகழ்பெற்ற பாரிடோன் பாடகர் ஜான் சார்லஸ் தாமஸ், ஒரு பெண் நடத்தினால் பாடமாட்டேன் என்றார். கூட்டத்தின் கவனமெல்லாம் அவர் பக்கம் போய்விடுமாம். மூன்றாம் கச்சேரி பிரிகோவின் கையை விட்டுப் போயிற்று. அவருடைய திறமையைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் கண்ணில் படுகிறார் என்பதே குறையாகிவிட்டது.

அடுத்த ஆண்டே அவர் நியூயார்க் பெண்கள் சிம்பொனியை உருவாக்கினார். டிம்பனி, டிரம்பெட், டபுள் பேஸ் எல்லாவற்றையும் பெண்களே வாசித்தார்கள். பெண்களுக்கு டிராம்போன் ஊத நுரையீரல் போதாது என்று அப்போது கனவான்கள் மெய்யாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1935 பிப்ரவரியில் டவுன் ஹாலில் முதல் கச்சேரி. எலினார் ரூஸ்வெல்ட் உள்ளிட்டோர் ஆதரித்தார்கள். பிரிகோ தனியாகவும் இல்லை. அதே நகரில் ஃப்ரெடரிக் பெட்ரிடீஸ் என்ற பெண் ஆர்கெஸ்ட்ரெட் கிளாசிக் என்ற சிறு பெண்கள் குழுவை நடத்தியதோடு, ‘விமன் இன் மியூசிக்’ என்ற செய்தி மடலையும் 1935 முதல் சில ஆண்டுகள் வெளியிட்டார். அமெரிக்காவின் வேறு நகரங்களிலும் பெண்கள் குழுக்கள் இருந்தன. சிம்பொனிக் குழுக்கள் பெண்களைச் சேர்க்க மறுத்ததால் பிறந்தவை அவை.

1938 ஜூலையில் லூயிசன் ஸ்டேடியத்தில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கையும் நடத்தினார். பெண்கள் மட்டுமே உள்ள குழு என்பது நிரூபிப்பதற்கான ஒரு கட்டம்தான், சேர்ந்து வாசிப்பதே இலக்கு என்று பிரிகோ நம்பினார். எனவே தன் குழுவில் ஆண்களைச் சேர்த்து அதைப் பிரிகோ சிம்பொனி ஆக்கினார். நியாயமான முடிவு. ஆனால் புதுமை போனதும் ஆதரவும் போயிற்று, குழு நெடுநாள் நிற்கவில்லை. பெண்கள் தனியாக வாசித்தபோது வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு, கலப்புக் குழு ஒன்றைப் பெண் தலைமை ஏற்று நடத்துவதைப் பார்க்க ஆர்வம் இல்லை. சமத்துவம் கோருவதற்கு மேடை கிடைத்தது. அதைச் செய்து காட்டியபோது மேடை போய்விட்டது.

1942இல் பிரிகோ கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் குடியேறினார். அங்குள்ள சிம்பொனியின் தலைமை தனக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைக்கவில்லை. 1945இல் அந்தப் பொறுப்பு சால் காஸ்டன் என்ற ஆணுக்குப் போயிற்று. பிரிகோ வீட்டில் பியானோ சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார். ஒரு பாக் சங்கம் தொடங்கினார், பெண்களின் தந்தி இசைக்குழு ஒன்றை நடத்தினார். சிபேலியஸின் அழைப்பில் ஹெல்சிங்கி சென்று அவருடைய இசையை நடத்திவிட்டும் வந்தார். 1940களின் இறுதியில் வேறொரு குழு அவர் கைக்கு வந்தது. அதன் பெயர் டென்வர் பிசினஸ்மென்ஸ் ஆர்கெஸ்ட்ரா.

பெயரைப் பாருங்கள். தொழில் செய்யும் ஆண்கள். பகலில் வேறு வேலை, மாலையில் வயலின். அவர்களுக்குக் கண்டக்டர் ஒரு பெண். ஊதியம் தருகிற குழு அவரை ஏற்கவில்லை, ஊதியம் இல்லாத குழு ஏற்றுக்கொண்டது. இதைச் சாதாரண முரண் என்று கடந்துபோக முடியவில்லை. பணமும் பதவியும் இருக்கும் இடம் ஆணுக்கு, அன்பும் உழைப்பும் மட்டும் இருக்கும் இடம் பெண்ணுக்கு என்ற பங்கீடு நம் வீடுகளிலிருந்தே நமக்குப் பழக்கம். கல்யாணச் சமையலுக்குச் சம்பளம் வாங்கும் தலைமைச் சமையல்காரரையும், தினமும் மூன்று வேளை சமைக்கும் அம்மாவையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஊதியமில்லாத குழுவை நடத்துவது எளிது என்று யாராவது நினைத்தால் அவர்கள் ஒரு கோலாட்டக் குழுவைக்கூட நடத்திப் பார்த்ததில்லை என்று பொருள். சம்பளம் வாங்குகிறவர் ஒத்திகைக்கு வராவிட்டால் வேலை போகும். இவர்களிடம் அந்தப் பயம் செல்லாது. ஒருவருக்கு அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் வாரம், இன்னொருவருக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். வயலின் வாசிக்கிறவர்கள் நிறைய வருவார்கள். பசூன் வாசிப்பவர் ஊரிலேயே இரண்டு பேர்தான் இருப்பார்கள், அவர்களில் ஒருவர் கோபித்துக்கொண்டு போயிருப்பார். இல்லாத கருவியின் பகுதியை இருக்கும் வேறொன்றுக்கு மாற்றி எழுத வேண்டும். இருபது வருடம் முதல் வரிசையில் உட்கார்ந்தவரின் விரல்கள் இப்போது ஓடவில்லை என்பதை அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். அரங்க வாடகை, இசைப்பிரதிகளுக்கான கட்டணம், டிக்கெட் விற்பனை எல்லாவற்றையும் யாராவது தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் பிறகு, நாளெல்லாம் உழைத்துக் களைத்து வந்தவர்களிடம் அந்த எட்டு அளவுகளை இன்னொரு முறை என்று கேட்க வேண்டும். ஆணையிட அதிகாரம் இல்லாத இடத்தில் தலைமை என்பது, மறுபடி அடுத்த வாரம் வர வைப்பதுதான்.

பிரிகோ அவர்களை மறுபடி வர வைத்தார், முப்பது ஆண்டுகளுக்கு மேல். அமெச்சூர் குழுதானே என்று அவர் எளிமையான பாடல்களோடு நின்றுவிடவில்லை. 1953இல் தன் மாணவியான 13 வயது ஜூடியை மொசார்ட்டின் இரட்டைப் பியானோ கான்செர்ட்டோவில் மேடையேற்றினார். (அந்தச் சிறுமி பின்னர் பியானோவை விட்டுக் கிட்டாரை எடுத்துக்கொண்டு நாட்டுப்புறப் பாடகியானாள். ஆசிரியை அதை மன்னிக்க நாளாயிற்று.) 1960களின் பிற்பகுதியில் குழு தன் பெயரையே பிரிகோ சிம்பொனி என்று மாற்றிக்கொண்டது. ‘பிசினஸ்மென்’ போய் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. இதற்கு யாரும் சட்டம் போடவில்லை.

இங்கே ஒரு விஷயத்தில் எனக்குப் பல பெண்ணியக் கட்டுரைகளோடு உடன்பாடில்லை. பெரிய மேடைகளைத் துறந்து மக்களோடு இசை செய்த தியாகி என்று பிரிகோவைச் சிலர் ஆக்கிவிடுகிறார்கள். அவர் எதையும் துறக்கவில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். படத்தில் ஓரிடத்தில் அவரே உடைந்து சொல்கிறார்: ஆண்டுக்கு நான்கைந்து கச்சேரிகள்தான் கிடைக்கின்றன, மாதத்துக்கு ஐந்து நடத்தும் பலம் தன்னிடம் இருக்கிறது, அந்த வலியைத் தான் யாரிடமும் காட்டிக்கொள்வதில்லை என்ற பொருளில். ஒரு பியானோ கலைஞருக்கு வீட்டில் பியானோ இருக்கும். கண்டக்டரின் கருவி எண்பது மனிதர்கள். அவர்கள் இல்லாமல் பயிற்சிகூடச் செய்ய முடியாது. இதைக் கேட்ட பிறகு தியாகம் என்ற சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. அதே சமயம், கிடைத்தது இதுதானே என்று அந்த ஊர்க்குழுவை அவர் அலட்சியமாகவும் நடத்தவில்லை. படத்தில் ஒத்திகையைப் பாருங்கள், பெர்லினில் கற்றதில் ஒரு துளியைக்கூட அவர்களுக்கென்று குறைத்துக்கொடுக்கவில்லை.

படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. திடீரென்று எல்லாருக்கும் பிரிகோ ஞாபகம் வந்தது. 1975இல், 73 வயதில், நியூயார்க்கின் ‘மோஸ்ட்லி மொசார்ட்’ விழாவில் நடத்தினார். ஹாலிவுட் பௌல் மீண்டும் அழைத்தது, 45 ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த 45 ஆண்டுகளில் அவருக்குத் திறமை போய்த் திரும்பி வரவில்லை.

அந்தக் காலத்தில்தான் அமெரிக்கக் குழுக்கள் திரைக்குப் பின்னால் உட்கார வைத்துக் கலைஞர்களைத் தேர்வு செய்யும் முறைக்குப் பரவலாக மாறின. 1970இல் அந்நாட்டின் ஐந்து பெரிய குழுக்களில் பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. பிறகு எண்ணிக்கை கூடியது. ஆனால் திரை கண்டக்டருக்கு உதவாது. அவரைப் பார்த்தாக வேண்டும், பார்ப்பதுதான் அவருடைய இசை. வாசிக்கும் பெண்கள் பெருகிய பிறகும் நடத்தும் பெண்கள் பெருக இன்னும் பல பத்தாண்டுகள் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பால்டிமோர் சிம்பொனியின் இசை இயக்குநராக மரின் ஆல்சப் பொறுப்பேற்று, அமெரிக்காவின் பெரிய குழுவொன்றுக்கு ஒரு பெண் அந்த இடத்துக்கு வந்தது 2007இல்தான்.

பிரிகோ 1989 ஆகஸ்ட் 3 அன்று டென்வரில் இறந்தார். அவருக்கு இடம் தராத டென்வர் சிம்பொனி அதே ஆண்டு பண நெருக்கடியில் மூடப்பட்டது. அதன் இடத்தில் உருவான கொலராடோ சிம்பொனி 1993இல் தன் கண்டக்டராக அமர்த்தியது இதே மரின் ஆல்சப்பைத்தான். பிசினஸ்மென்ஸ் ஆர்கெஸ்ட்ராவாகத் தொடங்கிய குழு மூடப்படவில்லை. பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள் மாலையில் கருவிகளைத் தூக்கிக்கொண்டு இன்னும் ஒத்திகைக்கு வருகிறார்கள். இப்போது அதற்கு டென்வர் ஃபில்ஹார்மோனிக் என்று பெயர். பிரிகோவின் பெயர் அதில் இல்லை.