சீட்டில் ஏறிய பெயர்

எங்கள் சேரியில் மகளிர் குழு ஆரம்பித்தபோது அதன் தீர்மானப் புத்தகத்தை எழுதியவள் நான். வருஷம் 1999. பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு முந்திரிக்காட்டு ஊர். நான் ஆறாம் வகுப்பு. குழுவில் 16 பேர் இருந்தார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் 4 பேர். கோர்வையாக நாலு வரி எழுத ஒருத்தருக்கும் வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோயில் திண்ணையில் என்னை நடுவில் உட்காரவைத்து, "எழுதுடி" என்பார்கள். தொண்டு நிறுவனத்து அக்கா சொல்லிக்கொடுத்த வாசகத்தைத்தான் ஒவ்வொரு முறையும் எழுதுவேன். இன்று நடைபெற்ற கூட்டத்தில் கீழ்க்கண்ட தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டன. 'ஏகமனதாக' என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

எழுதி முடித்ததும் ரேகை. அதில்தான் சிக்கல். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து, ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டு, பாதிப் பேருக்குப் பெருவிரல் வெந்து தோல் உரிந்து கிடக்கும். மையில் அழுத்தி எடுத்தால் தாளில் ஒரு நீலத் திட்டு விழும், அவ்வளவுதான். கோடு விழாது. வங்கியில் அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு ரேகைன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். அம்மா, "எங்க எல்லாருதும் இப்படித்தான் சார் இருக்கும்" என்றது.

சிறுகடன் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பங்களாதேஷில் தொடங்குவார்கள். 1976இல் ஜோப்ரா கிராமத்தில் முகம்மது யூனுஸ் கைக்காசைக் கொடுத்தது, 1983இல் கிராமீன் வங்கி, 2006இல் நோபல் பரிசு. அதில் தவறில்லை. ஆனால் சேரிப்பெண்ணின் கடன் வரலாற்றை அங்கே தொடங்கினால், அதற்கு முன்பு அவளுக்கும் கடனுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடும். சம்பந்தம் இருந்தது. சீட்டில் அவள் பெயர் மட்டும் இல்லாமல் இருந்தது.

1891இல் செங்கற்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் அரசுக்கு அனுப்பிய அறிக்கையை நாம் பஞ்சமி நிலத்துக்காகவே படிக்கிறோம். அதில் கடனும் இருக்கிறது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சில்லறைக் காசுக்காக ஆண்டையிடம் ஆயுசுக்கும் கட்டுண்டு கிடந்த மனிதர்கள் இருக்கிறார்கள். படியாள் என்றும் பண்ணையாள் என்றும் நம் தாத்தாக்களுக்குப் பெயர். சீட்டில் விழுந்தது தாத்தாவின் ரேகை. ஆனால் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளியது, வாசல் கூட்டியது, நாற்று நட்டது பாட்டி. புருஷன் வாங்கிய கடனுக்குப் பெண்டாட்டியின் உழைப்பும் சேர்த்தே அடகு. அதைத் தனியாக எழுத வேண்டும் என்றுகூட எவனும் நினைக்கவில்லை. இந்தக் கொத்தடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது 1976இல்.

அதே செங்கற்பட்டு ஜில்லாவில் திரூரில் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. நாட்டிலேயே முதல் சங்கம் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லப்படுகிறது. பெருமைதான். ஆனால் விவசாயக் கடனுக்கு நிலத்தைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நிலமுள்ளவன் ஜாமீன் நிற்க வேண்டும். சேரிக்காரன் எதைக் காட்டுவான்? 1920களில் லேபர் கமிஷனர் இலாகா ஆதிதிராவிடர்களுக்கென்று தனிச் சங்கங்கள் வைத்து, வீட்டுமனை வாங்கத் தவணைக் கடன் கொடுத்தது. ஆண்டையின் மனையில் குடிசை போட்டிருந்தவனுக்குச் சொந்த மனை எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கடனும் ஆம்பளை பெயரில்தான் வந்தது.

1969இல் 14 வங்கிகள் தேசியமயமாயின. 1972இல் 4 சதவீத வட்டிக் கடன் திட்டம் வந்தது. 1974இல் தாட்கோ தொடங்கியபோது அதற்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டுவது. வெண்மணியில் 44 பேர் எரிந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. தொழில் கடனெல்லாம் அதற்குப் பிறகு, 80களில். அப்போது ஐ.ஆர்.டி.பி. கறவை மாட்டுக் கடனும் வந்தது. எங்களுக்குப் பாதி மானியம். மானியத்தில் ஒரு பங்கு தரகருக்கு, ஒரு பங்கு இன்னொருவருக்கு என்று போய், கடைசியில் வத்தலும் தொத்தலுமாக ஒரு மாடு சேரிக்கு வரும். மேய்க்க நிலம் கிடையாது. ஊரான் வரப்பில் புல் அறுத்தால் அடி. மாடு செத்துப்போகும், கடன் சாகாது.

பெண் பெயருக்கே கடன் என்பது தமிழ்நாட்டில் சென்னையில்தான் முதலில் வலுவாக எழுந்தது. 1978இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பு, மீன் கூடைக்காரிகளையும் காய்கறி விற்பவர்களையும் குழுவாகக் கூட்டி வங்கிக்கு அழைத்துப் போனது. தினத் தண்டலில் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஒரு தெருவின் குழுவுக்கு அந்தத் தெருப் பெண்ணே தலைவி என்று வைத்தார்கள். இந்த ஒரு விஷயத்தைப் பின்னால் வந்த பல திட்டங்கள் பெயருக்கு மட்டும் எடுத்துக்கொண்டன. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் அரசு குழுக்களை ஆரம்பித்தது. எங்கள் தென்னார்க்காட்டுக்கும் அது சீக்கிரமே வந்தது. 1992இல் நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்த்தது. 1997இல் மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுக்கப் பரவியது. அந்த அலையில்தான் என் கைக்குத் தீர்மானப் புத்தகம் வந்தது.

அம்மாவுக்கு முதல் வங்கிக் கடன் 5000 ரூபாய். அதற்கு முன்னால் பயிற்சி என்று டவுனுக்குக் கூட்டிப்போய் மூன்று நாள் மெழுகுவர்த்தி, பினாயில், ஊறுகாய் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். (தமிழ்நாட்டில் எத்தனை லட்சம் பெண்களுக்குப் பினாயில் கலக்கத் தெரியும் என்று யாராவது கணக்கெடுக்க வேண்டும். வாங்க ஆள் வேண்டாமா?) அம்மா இட்லிக் கடை போட்டது. சேரிக்குள் போட்டால் கூலி வந்த அன்றைக்குத்தான் யாவாரம் என்று, ஊர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் புறம்போக்கில் கீற்று இறக்கியது. அம்மா கைப்பக்குவம் நல்ல பக்குவம். பத்து நாள் ஆனது. ஊர்க்காரர்கள் ஒருத்தர் வரவில்லை. வாங்கிச் சாப்பிட்ட ஒரு பையனுக்கு வீட்டில் சூடு விழுந்தது. ஊர்த்தெருக் கிழவி ஒருத்தி இரக்கப்பட்டு, "ஏம்மா, இதையே நீ பண்ருட்டியில போட்டா நாங்களே வந்து வாங்கித் தின்னுட்டுப் போவமே, இங்க எதுக்கு?" என்றாளாம்.

கடன் கொடுத்தவர்கள் எங்கள் சேமிப்பைப் பார்த்தார்கள், வருகைப் பதிவேட்டைப் பார்த்தார்கள், திருப்பிக் கட்டும் விகிதத்தைப் பார்த்தார்கள். இட்லியைப் பறைச்சி விற்றால் வாங்குவார்களா என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை. எங்கள் ஊர்க் கதை பழசு என்று தோழர்கள் நினைக்கலாம். 2018இல் அவிநாசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணை ஊரார் திரண்டு தடுத்தார்கள். அது அரசாங்க அடுப்பு, அரசாங்க அரிசி. அதற்கே அந்தக் கதி.

அம்மாவைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டு ஆயா. 65 வயசு இருக்கும். 60 தாண்டியவர்களைக் குழுவில் சேர்க்கக் கூடாது என்பதால் அதற்கு இடமில்லை. முப்பது வருஷமாகக் கருவாட்டுக் கூடை தூக்கிய ஆயா அது. விடியற்காலைப் பாசஞ்சரில் கடலூர் ஓல்டு டவுன் போய் நெத்திலி, காரப்பொடி, சென்னாக்கூனி, வாளை என்று எடுத்துவந்து ஊர் ஊராக விற்கும். இட்லிக் கடையில் முங்கியதுபோக மிச்சமிருந்த 800 ரூபாயோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது.

"காஞ்சதுக்குத் தீட்டு இல்லடி. வேக வச்சாத்தான் தீட்டு. அவன் ஊட்டு அடுப்புல அவன் வேக வச்சிக்கிறான், உனக்கின்னா?" என்று ஆயா சொன்னதை அம்மா இப்போதும் சொல்லிச் சிரிக்கும். இட்லியைத் தொடாத அதே வீடுகள் கருவாட்டைக் கூறு பேசி, முறத்தை நீட்டி வாங்கின. சாதிக்கு இப்படி ஒரு நாக்கு உண்டு. சமூகவியல் புத்தகங்களில் இதைப் பக்கம் பக்கமாகப் பின்னால் படித்தேன்.

ஆயா கற்றுக்கொடுத்ததுக்குக் கணக்கே கிடையாது. கருவாட்டை வளைத்துப் பார், உப்புத் தண்ணி கசிந்தால் எடுக்காதே. ஐப்பசி மழையில் கொஞ்சமாக எடு. கடன் கேட்டால் பொம்பளைக்குக் கொடு, அவள் புருஷனுக்குக் கொடுக்காதே. முந்தானையில் ரெண்டு முடிச்சுப் போடு, ஒன்று மொதலு, ஒன்று லாபம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் மொதலு முடிச்சை அவிழ்க்காதே. ஓல்டு டவுன் யாவாரியிடம், "இது நம்ம பொண்ணு, இதுக்கு நான் இருக்கேன்" என்று ஆயா சொன்ன ஒரு சொல்லில்தான் அம்மாவுக்குச் சரக்கு கடனாகக் கிடைத்தது. எந்தத் தாளிலும் அது பதிவாகவில்லை.

நான் எம்.ஏ. தமிழ் படித்தது கருவாட்டில். அதனால் குழுவே வீண் என்று எழுத எனக்கு வாய் வராது. அந்த 800 ரூபாயும் குழு கொடுத்ததுதான். ஆண்டை வீட்டு வாசலில் கைகட்டி நின்று கேட்ட கடனை வங்கியில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்கள். ரெண்டு வட்டிக்கு உள்கடன் கிடைத்ததால் பத்து வட்டிக்காரன் சேரிக்கு வருவது கொஞ்ச காலம் குறைந்தது.

கொஞ்ச காலம்தான். 2010 அக்டோபரில் ஆந்திர அரசு தற்கொலைகளைப் பார்த்து நுண்கடன் கம்பெனிகள்மீது அவசரச் சட்டம் போட்டது. அதன் பிறகான வருஷங்களில் நம் பக்கம் அந்தக் கம்பெனிகள் பெருகின. சேமிப்பு வேண்டாம், தீர்மானப் புத்தகம் வேண்டாம். ஆதார் அட்டையும் பக்கத்து வீட்டுக்காரியின் ஜாமீனும் போதும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். பொழுது சாய்ந்த பிறகும் பைக்கை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வசூல்காரப் பையன்களைக் கிளப்ப நான் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். 2020 ஊரடங்கில் ரிசர்வ் வங்கி தவணை ஒத்திவைப்பு அறிவித்தது. அப்போதும் வந்தார்கள். கட்டாயப்படுத்தி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால், "அட்டை யாரு பேர்ல இருக்கு? உன் பேர்லதானே?" என்ற கேள்விக்கு முன்னால் பெண்கள் வாயடைத்துப் போவதை நான் இன்னும் பார்க்கிறேன். புருஷன் வாங்கச் சொன்ன கடன், கொத்தனார் வேலைக்குப் போன மகனின் பைக்குக்கான கடன், எல்லாம் அவள் பெயரில். தாத்தா சீட்டில் இல்லாமல் இருந்த பெயர் இப்போது தனியாக ஏறி நிற்கிறது.

போன மாசம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அந்தத் தீர்மானப் புத்தகம் கிடைத்தது. 'கடன் பெறும் காரணம்' என்று ஒரு கட்டம். என் கையெழுத்தில் வரிசையாக இருக்கிறது: கறவை மாடு, ஆடு வளர்ப்பு, தையல், கறவை மாடு. அந்த வருஷம் எங்கள் சேரிக்கு ஒரே ஒரு மாடுதான் வந்தது. ஆஸ்பத்திரி, மகள் தலைச்சன் பிரசவம், பழைய வட்டிக் கடன் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, "தொழில்னு எழுதுடி, இல்லன்னா பேங்க்ல தரமாட்டான்" என்று அத்தை சொல்ல, நான் மாடு எழுதினேன். பெண்கள் தொழில் முனைவோர் ஆனார்கள் என்று பின்னால் வந்த அறிக்கைகளுக்குக் கணக்கு இப்படிப்பட்ட புத்தகங்களிலிருந்தும் போயிருக்கும். ஆராய்ச்சி மாணவர்கள் யாராவது கேட்டால் கொடுக்கிறேன். எது மாடு, எது பிரசவம் என்று ஒவ்வொரு வரிக்கும் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது.