குய்ங்.. குய்ங்.. - காங்கிரஸே கூடி கழட்டி எறிந்த ஒரு சீட் பெல்ட் கதை

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா பஸ் ஸ்டாண்டுக்கே கார் எடுத்துட்டு வந்துட்டார். புது கார். புதுசுன்னா அவருக்குப் புதுசு, செகண்ட் ஹேண்ட், 2020 மாடல். முன் சீட்ல உக்காந்து பெல்ட்டை இழுத்தா, மாட்டுற இடத்துல ஏற்கனவே ஏதோ ஒண்ணு மாட்டியிருக்கு. பெல்ட்டோட நாக்கு மட்டும் தனியா, பளபளன்னு. டிரைவர் பக்கமும் அதே மாதிரி இன்னொண்ணு.

"என்னப்பா இது?"

"அதுவா, சீட் கவர் போட்டப்ப கடைக்காரர் சும்மா குடுத்தார்டா. இல்லேன்னா குய்ங் குய்ங்னு கத்திக்கிட்டே இருக்கும். காது வலிக்குது."

அடுத்த 20 நிமிஷம் எங்களுக்குள்ள நடந்த சண்டையை இங்க எழுத வேண்டாம். அவர் சொன்னது மூணு. "ஊருக்குள்ளதானே ஓட்றேன்", "தண்ணிக்குள்ள விழுந்தா எப்படி வெளிய வர்றது", "என் உசுரு, என் இஷ்டம்". சென்னைக்குத் திரும்பின பிறகும் மனசு ஆறலை. ராத்திரி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சா, அப்பா சொன்ன மூணையும் 50 வருஷத்துக்கு முன்னாடியே அமெரிக்காக்காரன் சொல்லிட்டான். சொன்னதோட விடலை, சட்டமே போட்டுட்டான்!

முதல்ல கொஞ்சம் பின்கதை. இன்னிக்கு நாம மாட்டுற மூணு முனை பெல்ட்டை 1959-ல் கொண்டுவந்தவர் நில்ஸ் போலின், வோல்வோ கம்பெனி இன்ஜினியர். அதுக்கு முன்னாடி ஸாப்ல விமானங்களுக்கு எஜெக்ஷன் சீட் டிசைன் பண்ணிட்டு இருந்தவர். ஆபத்துல மனுஷனை வெளிய தூக்கி எறியற சீட்டைச் செஞ்சவர், மனுஷனை உள்ளேயே பிடிச்சு வைக்கிற பெல்ட்டைச் செஞ்சார். வோல்வோ அந்த டிசைனை மத்த கம்பெனிகளும் பயன்படுத்தலாம்னு திறந்து விட்டது. 1967-ல் ஸ்வீடன்ல நடந்த 28,000 விபத்துகளை வெச்சு ஒரு அறிக்கையும் வந்தது. பெல்ட் போட்டவங்கள்ல மணிக்கு 60 மைலுக்குக் கீழே யாரும் சாகலை. போடாதவங்க 12 மைல் வேகத்துலயே செத்திருக்காங்க. 12 மைல்னா சுமார் 20 கிலோமீட்டர். "ஊருக்குள்ளதானே" வேகம்.

அமெரிக்காவுல 1965-ல் ரால்ஃப் நாடரோட புத்தகம் வந்து கார் கம்பெனிகளை உலுக்கிப் போட்டுது. 1966-ல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 ஜனவரியிலிருந்து புதுக் கார் எல்லாத்துலயும் பெல்ட் கட்டாயம். கவனிங்க, பெல்ட் *இருக்கணும்*னுதான் கட்டாயம், *போடணும்*னு இல்லை. ஜனங்க அதை அப்படியே சீட்டுக்கு அடியில சொருகிட்டு ஓட்டினாங்க.

சரி, கத்தவிட்டுப் பார்ப்போம்னு 1972-ல் பஸ்ஸரும் லைட்டும் வந்தது. பெல்ட்டை வெளிய இழுத்தாச்சான்னு மட்டும்தான் அந்த சிஸ்டம் பார்க்கும். நம்ம ஆளுங்களுக்குக் கொஞ்சமும் குறைஞ்சவங்க இல்லை அவங்க. சிலர் பெல்ட்டை இழுத்து ஒரு முடிச்சு போட்டு விட்டுட்டாங்க. சிலர் ஒயரையே பிடுங்கிட்டாங்க.

இந்த இடத்துல கதைக்குள்ள வில்லன் மாதிரி ஒரு மீட்டிங் வருது. 1971 ஏப்ரல் 27, வெள்ளை மாளிகை. அதிபர் நிக்சனைப் பார்க்க ஃபோர்டு கம்பெனியிலிருந்து இரண்டாம் ஹென்றி ஃபோர்டும், லீ ஐயகோக்காவும் போறாங்க. அரசாங்கம் ஏர்பேக் மாதிரி, ஓட்டுறவர் எதுவும் செய்யாமலே காப்பாத்துற ஒண்ணைக் கட்டாயமாக்கப் பார்த்துக்கிட்டிருந்த நேரம். இந்தப் பாதுகாப்பு விதிகளால கம்பெனிக்கு ஆகுற செலவைப் பத்தி முறையிடத்தான் போனாங்க. நிக்சன்தான் எல்லாத்தையும் டேப் பண்ணி வைப்பாரே, இந்தப் பேச்சும் அந்த டேப்புல இருக்கு. அப்புறம் ஏர்பேக் தள்ளிப்போச்சு. அதுக்குப் பதிலா வந்ததுதான் நம்ம கதாநாயகன்: இன்டர்லாக். பெல்ட் போடலைன்னா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது!

1974 மாடல் கார்கள்ல இது வந்தது. ப்ரோக்ராம் எழுதுறவங்க கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க, இது சுவாரசியமான லாஜிக். முன் சீட்டுக்கு அடியில ஒரு சென்சார், பக்கிள்ல ஒரு சுவிட்ச். ரெண்டும் ஆன்ல இருந்தா மட்டும் போதாது, *வரிசை* சரியா இருக்கணும். முதல்ல உக்காரணும், அதுக்கப்புறம் பெல்ட் போடணும், அதுக்கப்புறம் சாவி. யாரும் உக்காராதப்பவே பெல்ட் மாட்டியிருந்தா, "டேய், ஏமாத்துறே"ன்னு வண்டி கிளம்பாது.

புரியுதுங்களா? எங்கப்பா கார்ல இருக்கிற கிளிப் 1974 காரை ஏமாத்தியிருக்கவே முடியாது. 2020 கார் பக்கிள்ல ஏதாவது மாட்டியிருக்கான்னு மட்டும்தான் பார்க்குது. மாட்டினது பெல்ட்டா, 50 ரூபா இரும்புத் துண்டான்னு அதுக்குத் தெரியாது. தாத்தா கார் புத்திசாலி, பேரன் கார் அப்பாவி.

ஆனா அந்தப் புத்திசாலித்தனம்தான் வினையாச்சு. பக்கத்து சீட்ல மளிகைப் பையை வெச்சா, காருக்கு அது ஒரு ஆள். நாய்க்குட்டியும் ஒரு ஆள். பைக்கு பெல்ட் போட்டாத்தான் வண்டி கிளம்பும்! சென்சார் கெட்டுப்போச்சுன்னா ஒழுங்கா பெல்ட் போட்டவனும் பார்க்கிங்ல மாட்டிக்கிட்டு முழிக்கணும். இதுக்காகவே சில கார்கள்ல பானெட்டுக்கு உள்ள ஒரு மீட்பு பட்டன் வெச்சிருந்தாங்க. மழையில இறங்கி, பானெட்டைத் தூக்கி, பட்டனை அமுக்கி.. அந்த ஆளு மனசுல அரசாங்கத்தைப் பத்தி என்ன ஓடியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஏமாத்துறவனைப் பிடிக்க எவ்வளவு இறுக்குறோமோ, அவ்வளவு நல்லவனும் அடி வாங்குவான். ஆபீஸ்ல 90 நாளைக்கு ஒருதரம் பாஸ்வேர்டு மாத்தச் சொல்றாங்களே, கடைசியில எல்லாரும் அதை ஒட்டுத்தாள்ல எழுதி மானிட்டர்ல ஒட்டி வெக்கிறாங்களே, அதே கதைதான்.

கடிதங்கள் குவிய ஆரம்பிச்சுது. நியூ ஹாம்ப்ஷயர் உறுப்பினர் லூயிஸ் வைமன் பிரதிநிதிகள் சபையில இதை எதிர்த்துத் திருத்தம் கொண்டுவந்தார். 1974 ஆகஸ்ட், நிக்சன் பதவி விலகின அதே மாசம். பெரும் மெஜாரிட்டியில நிறைவேறிடுச்சு. அக்டோபர் 27-ல் புது அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்துப் போட்டார். இன்டர்லாக்கைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அதோட நிக்கலை. கட்டாய பஸ்ஸர் 8 வினாடிக்கு மேல கத்தக் கூடாதுன்னும் சட்டத்துலயே எழுதிட்டாங்க. ஒரு நாட்டோட பாராளுமன்றம் உக்காந்து ஒரு குய்ங் சத்தத்துக்கு வினாடிக் கணக்குல அளவு வெச்சிருக்குன்னா, எவ்வளவு எரிச்சல் இருந்திருக்கணும்!

(துணுக்கு: அதே வருஷம் நவம்பர்ல இந்த வைமன் செனட் தேர்தல்ல நின்னார். எண்ணினாங்க, மறுபடி எண்ணினாங்க, கடைசியில 2 ஓட்டு வித்தியாசம். தகராறு முத்திப்போய் 1975-ல் மறுதேர்தல், அதுல தோத்துட்டார்.)

இதோட விலை என்னன்னு பாருங்க. இன்டர்லாக் இருந்த கார்கள்ல பெல்ட் போடுறவங்க எண்ணிக்கை 1973 மாடலை விட நல்லாவே கூடியிருந்தது. தூக்கின பிறகு எல்லாம் பழையபடி. 1980-களோட தொடக்கத்துல அமெரிக்காவுல பெல்ட் போட்டவங்க ஏறத்தாழ 14 சதவீதம்தான். கையில பெல்ட் இருந்தும் பத்துல எட்டு பேருக்கு மேல போடலை. முன் சீட்ல இருக்கிறவங்க சாகுற வாய்ப்பை மூணு முனை பெல்ட் சுமார் 45 சதவீதம் குறைக்குதுன்னு அவங்க அரசாங்கக் கணக்கே சொல்லுது. அந்தப் பத்து வருஷத்தைக் கணக்குப் போட எனக்கு மனசு வரலை.

எதிர்ப்பக்கமும் எல்லாம் முட்டாள்கள் இல்லைங்க. 1975-ல் சாம் பெல்ட்ஸ்மன்னு ஒரு பொருளாதார அறிஞர், பாதுகாப்பு கூடினா ஆளுங்க தைரியமா வேகமா ஓட்டுவாங்க, அடி பாதசாரிங்க மேல விழும்னு எழுதினார். இங்கிலாந்துல ஜான் ஆடம்ஸ் கிட்டத்தட்ட அதே கேள்வியைக் கேட்டார். "என் உயிர், நீ யாரு கேக்க?" அப்படிங்கறதும் அற்பமான கேள்வி இல்லை. ஆனா பெல்ட் போடாத உடம்பு மோதல்ல பறந்து போய் முன்னாடி இருக்கிறவர் மேலேயே இடிக்கும். அப்ப அது அவர் உயிரும்தானே? தண்ணி கதைக்கும் இதே பதில். மோதல்ல நினைவு தப்பிட்டா எந்தக் கதவையும் திறக்க முடியாது. பெல்ட் போட்டவனுக்கு முழிப்போட இருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியில ஜெயிச்சது பூட்டு இல்லை, சட்டமும் பழக்கமும். ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநிலம் 1970-லயே பெல்ட் போடுறதைக் கட்டாயமாக்கிடுச்சு. இங்கிலாந்து 1983 ஜனவரி 31. அமெரிக்காவுல நியூயார்க் முதல்ல, 1984-ல். அப்புறம் ஒவ்வொரு மாநிலமா வந்துடுச்சு, ஒண்ணே ஒண்ணைத் தவிர. எதுன்னு நினைக்கிறீங்க? நியூ ஹாம்ப்ஷயர்! வைமனோட ஊர். பெரியவங்களுக்கு அங்க இன்னும் கட்டாயம் இல்லை.

சத்தமும் மெதுவா திரும்பி வந்தது. 2000 மாடல்ல ஃபோர்டு, 8 வினாடி கழிச்சும் விட்டு விட்டு ஞாபகப்படுத்துற மணியைத் தானா முன்வந்து வெச்சது. ஆய்வு பண்ணினப்ப பெல்ட் போட்டவங்க 71-லிருந்து 76 சதவீதம் ஆகியிருந்தாங்க. வேண்டாம்னா அணைச்சுக்க வழியும் குடுத்திருந்தாங்க. அந்த 8 வினாடி உச்சவரம்பைச் சட்டத்துலேர்ந்து எடுத்ததே 2012-லதான்.

நம்ம ஊர்ல 2019 ஜூலை 1-லிருந்து புதுக் கார்கள்ல இந்தக் குய்ங் கட்டாயம். 2022 செப்டம்பர்ல சைரஸ் மிஸ்திரி பால்கர் பக்கத்துல விபத்துல இறந்தப்ப, பின் சீட்ல பெல்ட் போடாம இருந்தார். 2023-ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இந்தக் கிளிப்புகளை விக்கக் கூடாதுன்னு ஆன்லைன் கடைகளுக்கு உத்தரவு போட்டது. 13,000-க்கும் மேல விளம்பரங்கள் தூக்கப்பட்டன. ஆனா சீட் கவர் கடைக்காரர் சும்மா குடுக்குறதை யாரு தடுக்குறது?

இவ்வளவும் படிச்சுட்டு அடுத்த மாசம் ஊருக்குப் போனேன். பிரசங்கத்துக்கு ரெடியாத்தான் போனேன். ஆனா 1974 காரங்க ஜனங்ககிட்ட கேக்காம விட்ட கேள்வியை முதல்ல கேட்டுடுவோம்னு தோணிச்சு.

"ஏம்ப்பா, உண்மையிலேயே ஏன் போட மாட்டேங்குறீங்க?"

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "கழுத்துல அறுக்குதுடா" அப்படின்னார்.

பார்த்தேன். கதவு பக்கத் தூண்ல பெல்ட் தொங்குற மேல் முனை உச்சியில இருந்தது. முன்னாடி ஓட்டினவர் நல்ல உயரம் போல. அப்பா அஞ்சடி மூணு. அமுக்கி கீழே இறக்கினேன். அஞ்சு வினாடி வேலை. பெல்ட் கழுத்தை விட்டுத் தோள்ல வந்து உக்காந்தது.

மாட்டிப் பார்த்தார். கோயில் வரைக்கும் ஓட்டினார். ஒண்ணும் சொல்லலை. திரும்பி வரும்போதும் அவரே மாட்டினார்.

கிளிப்பைத் தூக்கிப் போடலாமான்னு கேட்டேன். "இருக்கட்டும்டா, சும்மா கெடக்கட்டும்" அப்படின்னு டேஷ்போர்டுக்குள்ள போட்டுட்டார். இன்னும் அங்கதான் இருக்கு. போன் பண்ணும்போதெல்லாம் "பெல்ட்?"னு கேக்கறேன். "போட்டாச்சு, போட்டாச்சு"ன்னு கத்தறார்.

இப்ப குய்ங் சத்தம் நான்தான்.