பெரியப்பாவின் கட்டைக் கப்பல்

இரண்டாம் உலகப் போர் என்றதும் நம் பக்கத்துப் பெரியவர்கள் உளுந்தூர்பேட்டை விமான ஓடுதளத்தைச் சொல்வார்கள். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் அடுத்த நாளே விசாகப்பட்டினத்திலும் ஜப்பான்காரன் குண்டு போட்டதும், சென்னைவாசிகள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர்ச் சொந்தக்காரர் வீடுகளுக்கு ஓடி வந்த கதையைச் சொல்வார்கள். இங்கிருந்து கடற்படைக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எங்கள் பெரியப்பா அப்படிப் போனவர். திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு கிராமம். பள்ளி இறுதி வரை படித்தவர்.

போர் தொடங்கியபோது 'ராயல் இந்தியன் நேவி' மிகச் சிறியது. போர்க்கப்பல்கள் எட்டோ என்னவோதான். மாலுமிகளில் பெரும்பாலோர் பம்பாய்க்குத் தெற்கே ரத்னகிரி பக்கத்து ஆட்கள். போர் முற்ற முற்ற ஆள் போதவில்லை. வயர்லெஸ், சிக்னல் வேலைகளுக்கு நாலு எழுத்து இங்கிலீஷ் தெரிந்த பையன்கள் வேண்டும் என்று சென்னை மாகாணத்திலும் ஆள் எடுத்தார்கள். போர் முடியும்போது சுமார் 30,000 பேர் அதில் இருந்தார்கள்.

பெரியப்பா திரும்பி வந்து ஊரில் மூன்று விஷயம் சொன்னார். தான் போன போர்க்கப்பல் மரத்தால் செய்தது. அது பெட்ரோலில் ஓடும், பெட்ரோல் நிரப்பும்போது யாராவது பீடி பற்ற வைத்தால் தோலை உரித்துவிடுவார்கள். மூன்றாவது, சண்டை நடந்தது கடலில் இல்லை, மரங்களுக்கு நடுவே வாய்க்காலில்.

ஊரே சிரித்தது. போர்க்கப்பல் என்றால் இரும்பு, புகைபோக்கி, நிலக்கரி. வாய்க்காலில் போனால் அது பரிசல். அன்று முதல் அவருக்குக் 'கட்டக்கப்பல்' என்று பெயர். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள்கூட 'கட்டக்கப்பல் வீடு எது' என்று கேட்டுத்தான் வருவார்கள். 1984இல் இறக்கும்வரை அந்தப் பெயர் போகவில்லை. கடைசிப் பத்து வருஷத்தில் அவர் கப்பல் பேச்சையே எடுக்கவில்லை.

பெரியம்மா 2009இல் காலமான பிறகு பழைய வீட்டைக் காலி செய்தார்கள். டிரங்குப் பெட்டியின் அடியில், கிழிந்த பட்டுப்புடவைக்குக் கீழே, நான்காக மடித்த ஒரு காகிதமும் ஒரு மெடலும் இருந்தன. காகிதம் அவருடைய விடுவிப்புச் சான்றிதழ். பெயர், தகப்பனார் பெயர், ஊர், தாலுகா திண்டிவனம், ஜில்லா தென்னாற்காடு, படை எண், பதவி 'டெலிகிராஃபிஸ்ட்', பிறகு அவர் வேலை பார்த்த கப்பல்களும் தேதிகளும். (விழுப்புரம் மாவட்டம் பிறந்ததே 1993 செப்டம்பரில்தான். பழைய பதிவுகளில் தேடுபவர்கள் தென்னாற்காடு என்று தேடவேண்டும்.)

வங்கியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே என்பது. பெரியப்பா சொன்ன மூன்றுக்கும் வவுச்சர் தேட உட்கார்ந்தேன்.

சான்றிதழில் ஒரு கப்பலுக்குப் பெயரே இல்லை. 'எம்.எல்.' என்று போட்டு ஒரு எண் மட்டும். எம்.எல். என்றால் 'மோட்டார் லாஞ்ச்'. அந்தப் படகின் கதை சுவையானது. இங்கிலாந்தில் நோயல் மேக்லின் என்று கார் தயாரிப்பாளர் ஒருவர் இருந்தார். போர் வந்ததும் அவருக்கு ஒரு யோசனை. பெரிய கப்பல் தளங்களுக்கு ஓய்வில்லை, இரும்புக்கும் தட்டுப்பாடு. ஆனால் மேசை நாற்காலி செய்யும் தச்சர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்களே! படகின் சட்டங்களை பிளைவுட்டில் தனித்தனியாக அறுத்து அனுப்பிவிட்டால், எந்தச் சிறு பட்டறையிலும் அதைப் பூட்டி, மேலே மகாகனிப் பலகை அடித்துவிடலாம். இப்படி உருவானதுதான் 'ஃபேர்மைல் பி' ரகம். நீளம் 112 அடி, மூன்று பேருந்துகளை வரிசையாக நிறுத்தியதுபோல. எடை 85 டன். தலா 600 குதிரைத்திறனில் இரண்டு எஞ்சின், இரண்டும் பெட்ரோலில் ஓடுபவை. ஆட்கள் ஏறத்தாழ பதினாறு பேர். இந்த ரகத்தில் 600க்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டன. நம் நாட்டிலும் பம்பாய், கல்கத்தா தளங்களில் கட்டினார்கள்.

மரம் சரியாகிவிட்டது. பீடிக்குக் காரணமும் புரிந்துவிட்டது. காலுக்குக் கீழே இரண்டாயிரம் காலனுக்கு மேல் பெட்ரோல், சுற்றிலும் மரப்பலகை. ஒரு தீப்பொறி விழுந்தால் என்ன மிஞ்சும்?

அடுத்தது வாய்க்கால். பர்மாவின் மேற்குக் கரை அரக்கான். நீங்கள் பிச்சாவரம் போயிருப்பீர்கள். அந்தச் சதுப்புக் காட்டை நூறு மடங்கு பெரிதாக, நூற்றுக்கணக்கான மைலுக்கு நீட்டி நினைத்துப் பாருங்கள். கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓடைகள், இரு கரையிலும் வேர் விட்ட மரங்கள். அந்த ஓடையைப் பர்மியர்கள் 'சாங்' என்பார்கள். சாலை இல்லாத ஊர் அது. ஜப்பானியர்கள் தங்கள் துருப்புகளுக்கு அரிசியும் தோட்டாவும் இரவில் சிறு படகுகளில் இந்த ஓடைகள் வழியாகத்தான் அனுப்பினார்கள். பெரிய போர்க்கப்பல் உள்ளே நுழைய முடியாது. சுமார் ஐந்தடி ஆழத்தில் மிதக்கும் மோட்டார் லாஞ்ச் நுழையும். எஞ்சினை அணைத்துவிட்டு, கரையோர மரங்களோடு மரமாக இருட்டில் காத்திருந்து, சரக்குப் படகு வந்ததும் சுடுவார்கள். கரையிலிருந்து எதிரி சுட்டால் மறைந்துகொள்ள இருந்தது அந்தப் பலகைதான். வேவுக்காரர்களை எதிரியின் கரையில் இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றி வருவதும் இவர்கள் வேலை. இந்தியக் கடற்படையின் 55ஆவது, 56ஆவது லாஞ்ச் அணிகள் அங்கே இருந்தன. 1945 ஜனவரி 3இல் அக்யாப், 12இல் மியேபோன், 21இல் ராம்ரி என்று தரையிறக்கங்கள் அடுத்தடுத்து நடந்தன. நர்மதா, யமுனா என்று நதிப் பெயர் வைத்த பெரிய கப்பல்கள் பீரங்கி அடித்தன. லாஞ்சுகள் ஓடைகளுக்குள் முன்னே போயின. அதே ஜனவரியில் பெரியப்பாவின் சான்றிதழில் இருப்பது அந்த எண்தான்.

மெடலையும் பார்த்தேன். ஆறு முனை நட்சத்திரம், நடுவில் கிரீடம், சுற்றி 'தி பர்மா ஸ்டார்' என்ற எழுத்து. கருநீல நாடா, நடுவே அகலமான சிவப்புப் பட்டை, இரு பக்கமும் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. பம்பாயில் உட்கார்ந்து கணக்கு எழுதியவருக்கு இது கிடைக்காது.

வேடிக்கை ஒன்று சொல்லவேண்டும். பெரியப்பாவைப் பற்றி ஊரில் இன்னொரு பேச்சும் உண்டு. 1946 கடற்படை எழுச்சியில் சேர்ந்ததால் வெள்ளைக்காரன் விரட்டிவிட்டான் என்பார்கள். அதற்குக் காரணம் சான்றிதழில் இருந்த 'தல்வார்' என்ற பெயராகத்தான் இருக்கவேண்டும். எழுச்சி 1946 பிப்ரவரி 18இல் தொடங்கியது பம்பாய் 'தல்வாரில்'. அது கப்பல் இல்லை, கரையில் இருந்த சிக்னல் பயிற்சிப் பள்ளி. கடற்படையில் கரை நிலையங்களுக்கும் கப்பல் போலவே பெயர் வைப்பார்கள். சென்னையில் 'அடையாறு', கொச்சியில் 'வெந்துருத்தி'. டெலிகிராஃபிஸ்ட் ஆகவேண்டியவர்கள் தல்வாரில் படிப்பது வழக்கம், பெரியப்பா படித்தது 1943இல். படைக்குறைப்பில் அவர் விடுவிக்கப்பட்ட தேதி 1946 ஜனவரி. எழுச்சி வெடிப்பதற்கு முந்தைய மாதமே ஊருக்கு வந்துவிட்டார். அதில் கலந்துகொண்டிருந்தால் எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தேதி இடம் தரவில்லை. அவர் நிஜமாகப் போன மரக்கப்பலை ஒருவரும் நம்பவில்லை, சேராத கலகத்தை எல்லாரும் நம்பினார்கள். இந்த இரண்டாவதை அவர் மறுத்ததும் இல்லை!

அவருக்கு ஓய்வூதியம் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் இருந்து ஓய்வூதியம் பெறாதவர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் தமிழக அரசு மாதா மாதம் நிதியுதவி தருகிறது. பெரியம்மா அதை ஒரு மாதம்கூட வாங்கவில்லை. காட்டவேண்டிய காகிதம் புடவைக்கு அடியில் கிடந்தது.

நம் குடியிருப்பில் பாதிப் பேருக்கு விழுப்புரம், திண்டிவனம், மரக்காணம் பக்கம் சொந்த ஊர். வீட்டை இடிக்குமுன், பழைய பேப்பர்க்காரரிடம் பெட்டியோடு தூக்கிக் கொடுக்குமுன், பழுப்பேறிய காகிதங்களைப் பிரித்துப் பாருங்கள். முதலில் படை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத்து பத்து விதமாக மாறும், எண் மாறாது. மாலுமிகளின் பணிப் பதிவேடுகளைப் பார்க்கும் அலுவலகம் மும்பை மான்கூர்டில் இருக்கிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகம் விழுப்புரத்திலேயே உண்டு. போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். கடலிலேயே போய்விட்ட, கல்லறை இல்லாத ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகளின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவுப் புத்தகங்களில் எழுதி வைக்கப்பட்டுள்ளன. லாஞ்சுகளின் கதையைப் படிக்க, காலின்ஸ் எழுதி 1964இல் வெளிவந்த கடற்படை வரலாறு இருக்கிறது. இங்கிலீஷ்தான், ஆனால் கடினமில்லை.

கையெழுத்துப் புரியாத சான்றிதழ், சுருக்கெழுத்துகள், மெடல் எதுவானாலும் ஞாயிறு காலை பதினோரு மணிக்குச் சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள். பூதக்கண்ணாடி நான் எடுத்து வருகிறேன். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.