சுண்ணாம்பு பறித்த கண்கள்

மதுரை நகரின் மேற்கே காளவாசல் என்றொரு நாற்சந்தி உண்டு. காளவாசல் என்றால் செங்கல்லோ சுண்ணாம்போ சுடுகின்ற சூளை என்பது பொருள். மாடமும் கோபுரமும் மலிந்த ஊருக்குச் சூளைகள் எத்துணை வேண்டியிருந்திருக்கும்! 1636ஆம் ஆண்டில் எழுந்த திருமலை நாயக்கர் மகால் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனதே. அதன் தூண்களைக் கண்டு வியக்கின்ற நாம், அந்தச் சுண்ணாம்பை நீற்றியவர்களின் கண்களைப் பற்றி எண்ணுவதில்லை.

சுண்ணாம்பு ஒரு காரப்பொருள். அமிலம் கண்ணில் தெறித்தால் பெரும்பாலும் மேற்பரப்பைத் தீய்த்து அங்கேயே தடைப்பட்டு நிற்கும். காரமோ உயிரணுக்களின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். கண்ணின் முகப்பில், பலகணிக்கு இட்ட கண்ணாடிபோல் அமைந்துள்ள கருவிழிப் படலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே கனமுடையது. அது வெந்து வெளுத்துவிட்டால், பின்னாலுள்ள உறுப்புகள் பழுதின்றி இருப்பினும் ஒளி செவ்வனே உட்புகாது.

கண்ணாடி மங்கினால் வேறொன்று பொருத்தலாகாதா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருத்துவர்கள் பலர் இவ்வாறு எண்ணினர். விலங்குகளின் கருவிழிகளைக்கூட மனிதர்க்குப் பொருத்திப் பார்த்தனர். அவை நிலைக்கவில்லை. எனினும் அம்முயற்சிகள் வீணாகிவிடவில்லை. ஜெர்மானியரான ஆர்தர் வான் ஹிப்பெல், படலத்தை வட்டமாக வெட்டியெடுக்கும் கருவியொன்றை அமைத்துத் தந்தார்.

அக்கருவிக்குப் பயன் விளைந்த நாள் 1905 டிசம்பர் 7. இன்று செக் நாட்டிலுள்ள ஓலொமோட்ஸ் என்னும் ஊரில் எட்வர்ட் ஸிர்ம் என்ற மருத்துவரிடம் அலோய்ஸ் க்ளோகர் என்னும் தொழிலாளி வந்திருந்தார். அவருடைய இரு கண்களையும் பறித்தது எது தெரியுமா? சுண்ணாம்புதான்! நம் சூளைகளில் உழைத்த எவருக்கும் நேர்ந்திருக்கக்கூடிய விபத்து அது. அப்போது இரும்புத் துணுக்கு பாய்ந்து கெட்ட கண்ணோடு ஒரு சிறுவனும் அங்கே வந்தான். அவனுடைய கண்ணை அகற்ற வேண்டியதாயிற்று. ஆனால் அதன் கருவிழியில் தெளிவான இடம் எஞ்சியிருந்தது. ஸிர்ம் அதிலிருந்து இரு வட்டங்களை வெட்டியெடுத்துத் தொழிலாளியின் இரு கண்களிலும் பொருத்தினார். ஒன்று கெட்டது, மற்றொன்று தெளிவாகவே நிலைத்தது. க்ளோகர் மீண்டும் வேலைக்குச் சென்றார். மனிதனின் கருவிழி மனிதனுக்குப் பயன்பட்ட முதல் வெற்றி இதுவே. கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லாமையால், பிறர் திசுவை உடல் பகைத்து ஒதுக்கும் இயல்பு அங்கே குறைவு என்பதும் இவ்வெற்றிக்கு ஒரு காரணம்.

ஆயினும் உயிரோடிருப்பவர் கண்ணை எத்தனை முறை எதிர்பார்ப்பது? கண்ணப்ப நாயனாரின் அன்பை எல்லாரிடமும் வேண்டுதல் இயலாது. மருத்துவம் வேண்டவும் இல்லை. இறந்தோரின் கருவிழியே போதும் என்பதை ஒடெஸா நகரத்து விளாதிமிர் பிலாடவ் 1930களில் நிலைநாட்டினார். 1944இல் நியூயார்க்கில் டௌன்லி பேட்டன் கண் வங்கியைத் தொடங்கினார். மறு ஆண்டே சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் நம் நாட்டின் முதல் கண் வங்கி தோன்றியது. அதன் பின்னின்றவர் டாக்டர் முத்தையா. 1948இல் அவர் கருவிழி மாற்றுச் சிகிச்சையும் செய்தார். 1819இல் தொடங்கப்பெற்ற மருத்துவமனைக்கு இது ஏற்ற பெருமையே. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் 1998இல் கண் வங்கி அமைந்தது. இறந்தபின் சுமார் ஆறு மணி நேரத்திற்குள் கண்களை எடுத்துவிட வேண்டும் என்பதை மாணவர்கள் தம் வீட்டாருக்கும் சொல்லி வைக்கலாம்.

இவ்வளவு வளர்ந்த பின்னரும் சுண்ணாம்பு தோற்றுவிடவில்லை. காரத்தால் வெந்த கண்களில் புதிய கருவிழி பெரும்பாலும் சில மாதங்களிலேயே மங்கியது. காரணம் நெடுநாள் விளங்கவில்லை. கருவிழியும் வெள்விழியும் சேரும் வரம்பில் குருத்தணுக்கள் உள்ளன. கருவிழியின் மேல்தோலை ஓயாது புதுப்பிப்பவை அவையே. காரம் அவற்றையும் அழித்துவிட்டால், வேரற்ற மரத்திற்குத் தழை கட்டிய கதைதான். க்ளோகரின் வரம்பு முற்றும் அழியாதிருந்திருக்க வேண்டும்.

ஆகவே வரம்பையே பெயர்த்து நடும் முறையை 1989இல் கென்யன், செங் என்னும் மருத்துவர் இருவர் வெளியிட்டனர். நல்ல கண்ணிலிருந்து அவர்கள் எடுத்த பகுதியோ பெரிது. நல்ல கண்ணுக்கும் ஊறு நேருமோ என்ற அச்சம் இருந்தது. ஐதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் நிலையத்தைச் சார்ந்த வீரேந்தர் சங்வானும் அவர்தம் குழுவினரும் 2012இல் எளிய வழியொன்றை வெளியிட்டனர். நல்ல கண்ணின் வரம்பில் 2 மில்லிமீட்டர் அளவே எடுத்து, அதனைப் பல சிறு துணுக்குகளாக்கி, வெந்த கண்ணின்மேல் பரப்பிய பனிக்குடச் சவ்வின்மீது, நாற்று நடுவதுபோல் ஒட்டிவிடுகிறார்கள். துணுக்குகளிலிருந்து அணுக்கள் பெருகிக் கருவிழியை மூடுகின்றன. அவர்களிடம் வருவோரில், வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தை அழுத்தி விளையாடிய குழந்தைகளும் உண்டு. சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால், நீர் பட்டால் கொதிக்குமே என்று தயங்கலாகாது. அக்கணமே தூய நீரை நெடுநேரம் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் விரைய வேண்டும். இரு கண்களும் வெந்தவருக்கு நாற்று எடுக்கத் தம் கண்ணில் இடமில்லை. உறவினரிடமோ இறந்தோரிடமோ பெற்று, உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளோடு அதனைக் காத்து வர வேண்டியிருக்கிறது.