டிவி ஒலி ஸ்டீரியோ பெட்டிக்கு வந்த கதை



உங்க வீட்டு டிவியின் பின்பக்கத்தைக் கொஞ்சம் எட்டிப் பாருங்க. நாலைந்து துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் ஒரு வரலாறு உண்டு. டிவியின் ஒலியை வீட்டு ஸ்டீரியோ பெட்டிக்குக் கொண்டுபோவது இன்றைக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால், அந்த வேலை சாதாரண வீடுகளுக்கு எளிதாக ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. ஏன் அவ்வளவு காலம்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போறோம்.

ஒரே மனிதர், இரண்டு துறைகள்

அலன் ப்ளம்லைன் இங்கிலாந்தின் ஈஎம்ஐ நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர். இரண்டு தடங்களில் ஒலியைப் பதியும் ஸ்டீரியோ முறைக்கு அவர் 1931 டிசம்பரில் காப்புரிமை கோரினார். 1936 நவம்பர் 2-ஆம் தேதி பிபிசி லண்டனில் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியபோது, அதில் பயன்பட்ட 405 வரி முறையை உருவாக்கிய குழுவிலும் அவர் இருந்தார். அப்படின்னா, டிவியும் ஸ்டீரியோவும் ஒரே மேசையில் வளர்ந்த பிள்ளைகள்! ஆனாலும், அவை வீட்டுக்குள் ஒன்று சேரவில்லை. ப்ளம்லைன் 1942-இல் ரேடார் சோதனை விமானம் விழுந்து நொறுங்கியதில் இறந்துபோனார்.

தடைகள் மூன்று

முதலாவது, ஒளிபரப்பு. நிலையங்கள் ஒரே தடத்தில்தான் ஒலியை அனுப்பின. 1963-இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் டிவி வந்தபோதும் நிலைமை அதுதான். ஒரு தடத்தில் வரும் ஒலியை இரண்டு ஸ்பீக்கரில் கேட்டாலும் அது ஸ்டீரியோ ஆகாது இல்லையா?

இரண்டாவது, ஆபத்து. பழைய டிவி பெட்டிகள் பலவற்றில் உள்ளே இருந்த உலோகச் சட்டம் நேரடியாக வீட்டு மின்சாரத்தோடு இணைந்திருந்தது. அதிலிருந்து ஒரு வயரை இழுத்து ஆம்ப்ளிஃபையரில் செருகினால் மின்சாரமும் கூடவே வரும். தொட்டவர் கதி என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க! அதனால்தான் அந்தப் பெட்டிகளில் ஒலி வெளியேறும் துளையே வைக்கவில்லை.

மூன்றாவது, பொது விதி இல்லாமை. எந்த அலைவரிசை முறை, எந்த வடிவச் செருகி என்பதில் நாடுகளும் நிறுவனங்களும் ஒத்துப்போகவில்லை.

திருப்புமுனைகள்

தடை இருந்தாலும் மனிதன் சும்மா இருப்பானா? 1958-இல் பிபிசி ஒரு சோதனை செய்தது. ஒரு தடம் வானொலியில், மற்றொரு தடம் டிவியில். இரண்டையும் அறையின் இரு பக்கம் வைத்துக் கேட்டால் ஸ்டீரியோ! 1981-இல் அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியபோதும், கேபிள் வழியாக வந்த ஒலியை எஃப்எம் ஸ்டீரியோ பெட்டியில் இணைத்துக் கேட்டவர்கள் இருந்தார்கள்.

பிறகு ஒளிபரப்பே மாறியது. ஜப்பானில் 1978, மேற்கு ஜெர்மனியில் 1981, அமெரிக்காவில் 1984 என்று ஸ்டீரியோ ஒளிபரப்பு பரவியது. பிரிட்டனில் உருவான நைக்காம் முறையைச் சிங்கப்பூரும் பயன்படுத்தியது. இதே காலத்தில் வீடியோ ரிக்கார்டர் வீடுகளுக்குள் வந்தது. அதன் பின்னால் பாதுகாப்பான ஒலித் துளைகள் இருந்ததால், பலர் அதன் வழியாகவே டிவி நிகழ்ச்சியை ஸ்டீரியோவில் கேட்டார்கள்.

1983-இல் தோஷிபா ஒலியை ஒளியாக அனுப்பும் கேபிளைக் கொண்டுவந்தது. அதில் உலோகக் கம்பி இல்லை. ஆகவே மின்சாரம் பாயும் பயமும் இல்லை. 2009-இல் எச்டிஎம்ஐ கேபிளில் ஏஆர்சி வசதி சேர்ந்தது. படம் டிவிக்குப் போகும் அதே கேபிளில் ஒலி திரும்பி வர வழி பிறந்தது.

இன்று நாம் செய்ய வேண்டியது

கேட்டல் கருத்தறிதல் பயிற்சியில் 'ல', 'ள', 'ழ' தெளிவாகக் கேட்காவிட்டால், மாணவர் தவறு செய்தாரா, டிவி தவறு செய்ததா என்றே தெரியாது. மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கரும் சிறியது. பெரும்பாலும் கீழேயோ பின்னாலேயோ பார்த்தபடி இருக்கும். எனவே, பழைய ஸ்டீரியோ பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

இரண்டு பெட்டிகளையும் முதலில் அணைத்துவிடுங்கள். டிவியில் ஹெட்ஃபோன் துளை இருந்தால், ஒரு முனையில் அதற்குப் பொருந்தும் செருகியும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளைச் செருகிகளும் உள்ள கேபிள் போதும். சிவப்பு வலது, வெள்ளை இடது. ஸ்டீரியோவில் 'ஆக்ஸ்' என்ற துளையில் செருகுங்கள். 'ஃபோனோ' வேண்டாம், அது இசைத்தட்டுக் கருவியின் மெலிந்த ஒலிக்கானது, டிவி ஒலி அதில் சிதைந்துவிடும். டிவியில் ஒளிக் கேபிள் துளை மட்டும் இருந்தால், நடுவில் ஒரு சிறிய மாற்றிக் கருவி தேவை. டிவியின் ஒலி அமைப்பில் 'பிசிஎம்' என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீங்க.

தேர்வு மாணவர்களுக்கு

வரலாற்றுக் கட்டுரையில் ஆண்டுகளை வரிசையாக அடுக்கினால் மட்டும் மதிப்பெண் வராது. தடை என்ன, அதை எது நீக்கியது, விளைவு என்ன என்று காட்ட வேண்டும். இந்த வினாவுக்கு எழுதிப் பாருங்கள்: 'ஒரு கண்டுபிடிப்பு மக்களைச் சென்றடைய அறிவியல் மட்டும் போதாது, பாதுகாப்பும் பொது விதியும் வேண்டும்.' தொலைக்காட்சி ஒலியின் வரலாற்றைக் கொண்டு இக்கூற்றை ஆராய்க.