இரும்புக்குள் எவ்வளவு நீர்?

1803 செப்டம்பரில், லண்டனை அடுத்த கிரீனிச்சில், ரிச்சர்ட் டிரெவிதிக்கின் உயர் அழுத்த நீராவி எந்திரம் ஒன்று வெடித்தது. எந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய சிறுவன் விலாங்கு பிடிக்கப் போயிருந்தான். அவனுக்குப் பதில் நின்ற கூலியாள், எந்திரம் வேகம் பிடிக்கிறதே என்று அதை நிறுத்தினார். ஆனால் ஆவியை வெளியேற்றும் நெம்புகோல் அசையாதபடி முடுக்கி வைக்கப்பட்டிருந்தது. அதை அவர் விடுவிக்கவில்லை. நான்கு பேர் இறந்தார்கள்.

அதன் பிறகு டிரெவிதிக் சேர்த்த பாதுகாப்புகளில் ஒன்று ஈய முளை. நெருப்புக்கு நேர் மேலே தகட்டில் துளையிட்டு அடைத்த முளை அது. மேலே நீர் நிற்கும்வரை ஈயம் உருகாது. நீர் அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் உருகி வழிந்து, ஆவி பீறிட்டு எச்சரிக்கும். கொதிகலனில் நீர் குறைவதைவிடப் பெரிய ஆபத்து அதிகம் இல்லை. நீர் விலகிய இடத்தில் தகடு பழுத்து வலுவிழக்கும், உள்ளிருக்கும் அழுத்தம் அதைக் கிழித்துவிடும். இந்தியாவில் கொதிகலன் சட்டங்கள் பிறந்ததற்கும் ஒரு வெடிப்புதான் காரணம். 1863இல் கல்கத்தாவில் பல உயிர்களைக் கொண்டுபோன விபத்துக்கு அடுத்த ஆண்டே வங்காளத்தில் சட்டம் வந்தது.

உள்ளே எட்டிப் பார்க்க முடியாத பாத்திரத்தில் மட்டத்தை அறிய, முதலில் பக்கவாட்டில் இரண்டு மூன்று குழாய்களை வெவ்வேறு உயரத்தில் வைத்தார்கள். மேல் குழாயைத் திறந்தால் ஆவி வரவேண்டும், கீழ்க் குழாயில் நீர் வரவேண்டும். சொல்லும்போது எளிது. ஆனால் அழுத்தத்தில் இருக்கும் சுடுநீர் வெளிக்காற்றைத் தொட்டதுமே ஒரு பகுதி ஆவியாகிவிடும். எல்லாக் குழாயிலும் வெண்புகைதான். எது நீர், எது ஆவி என்று பிரித்துச் சொல்லக் கைதேர்ந்த ஆள் வேண்டியிருந்தது.

அந்தக் குறையைக் கேஜ் கிளாஸ் தீர்த்தது. கொதிகலனின் ஆவிப் பகுதியையும் நீர்ப் பகுதியையும் இணைக்கும் கண்ணாடிக் குழாய் அது. உள்ளே எந்த மட்டமோ, கண்ணாடியிலும் அதே மட்டம். ஆனால் கீழ்த் துவாரத்தில் உப்புப் படிவு அடைத்துக்கொண்டால் கொதிகலன் காலியாகிக்கொண்டிருக்கும்போதும் கண்ணாடியில் நீர் அசையாமல் நிற்கும். அதனால்தான் வேலை மாறும்போதெல்லாம் அடிக் குழாயைத் திறந்து கண்ணாடியை ஊதிவிடும் வழக்கம் ஏற்பட்டது. மூடியதும் நீர் விர்ரென்று மேலேறினால் வழி சுத்தம்; தயங்கித் தயங்கி ஏறினால் எங்கோ அடைப்பு. கேஜ் காட்டுவதை நம்புவதற்கு முன் கேஜையே சோதித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம், நீராவி யுகம் விட்டுச்சென்ற மிக மதிப்புள்ள சொத்து.

கண்ணாடியின் இடத்துக்கு மின்சாரம் வர நெடுங்காலமாயிற்று. ஆனால் அதற்கான விதை 1745–46லேயே விழுந்துவிட்டது. ஜெர்மனியில் எவால்ட் வான் கிளைஸ்டும், லைடன் நகரில் பீட்டர் வான் முஷென்புரூக்கும் தனித்தனியே கண்டறிந்த முதல் மின்தேக்கி, நீர் ஊற்றிய கண்ணாடிப் பாத்திரம். உள்ளே நீர் ஒரு தகடு, வெளியே பிடித்திருந்த கை இன்னொரு தகடு, நடுவில் கண்ணாடி. இன்றைய மின்தேக்கு உணரி இதையே உள்வெளியாகத் திருப்பிப் போட்டது. நடுவில் உலோகக் கம்பி, அதன் மேல் டெஃப்லான் உறை, உறைக்கு வெளியே நீர். 1938இல் டூபாண்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட்டின் கையில் தற்செயலாகச் சிக்கிய அந்த டெஃப்லான், லைடன் கண்ணாடியின் வேலையைச் செய்கிறது. மட்டம் ஏற ஏற, நீர் தழுவும் உறையின் நீளம் கூடும், மின்தேக்குதிறனும் கூடும்.

இரும்புத் தொட்டி இதற்கு நல்ல துணை. சுவரே நீரை மின்னிணைப்போடு சேர்த்துவிடும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. துருப் பிடிக்காதிருக்க உள்ளே எபாக்சி பூசிய தொட்டியில் அந்த இணைப்பு அறுந்துபோகும், அளவு தடுமாறும். தனியாக ஒரு வெற்றுக் கம்பியை நீருக்குள் இறக்கித் தரையிணைப்புக் கொடுக்க வேண்டும். உறையில் ஊசித்துளை விழுந்தால் அதன் வழியே நீர் கம்பியைத் தொட்டுவிடும்; நிரம்பாத தொட்டியும் நிரம்பியதாகத் தெரியும். நீர் இறங்கிய பிறகு கம்பியில் ஒட்டிநிற்கும் ஈரப்படலமோ உப்புப் படிவோ மட்டத்தை மிகைப்படுத்தும். நீண்ட கேபிளும் தானே ஒரு மின்தேக்கி. அது ஆடினால் அளவும் ஆடும். பழுது தேடுபவர் கம்பியைத் துடைத்துப் பார்க்கிறார், கேபிளைக் கழற்றிப் பார்க்கிறார், மெக்கர் என்ற கருவியை வைத்து உறையின் மின்காப்பை அளக்கிறார், தொட்டியை வடித்துச் சுழியத்தைச் சரிபார்க்கிறார். வேறு கருவி, பழைய வழக்கம்.

இதே மின்தேக்குத் தத்துவம் விமான எரிபொருள் தொட்டிகளுக்கும் போனது. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றில், அளவைக் கணிக்கும் பெட்டிக்குள் இருந்த ஒரு மோசமான சாலிடர் இணைப்பால் எரிபொருள் காட்டிகள் வெறுமையாகிவிட்டன. தரையில் குச்சி கொண்டு லிட்டர் கணக்கை அளந்தார்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 0.8 கிலோ என்று பெருக்க வேண்டிய இடத்தில், பவுண்டுக்கான 1.77ஆல் பெருக்கினார்கள். தேவையில் பாதிகூட நிரம்பவில்லை. நடுவானில் எந்திரங்கள் நின்றன. கனடாவின் கிம்லி ஊரில் இருந்த பழைய விமானத் தளத்தில் விமானி ராபர்ட் பியர்சன் அதை மிதக்கவிட்டு இறக்கியதால், அதிலிருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

2005 ஆகஸ்ட் 6 அன்று துனிசியாவின் டுனின்டர் நிறுவன விமானத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அந்த ஏடிஆர் 72 விமானத்தில், சிறிய ஏடிஆர் 42க்கான எரிபொருள் காட்டியை மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தொட்டியின் வடிவத்துக்கும் உணரிகளுக்கும் ஏற்பக் காட்டியின் கணக்கு மாறும். தொட்டி வற்றிய பிறகும் காட்டியில் எரிபொருள் இருந்தது. விமானிகள் அதை நம்பினார்கள். சிசிலிக்கு அருகே கடலில் இறங்கிய விமானத்தில் 39 பேரில் 16 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை, அளவு காட்டியைச் சாராமல் தனியாக இயங்க வேண்டும் என்று இத்தாலிய விசாரணையாளர்கள் பரிந்துரைத்தார்கள்.