ஐப்பசி நெல்லியும் ஆறாத புண்ணும்

தாயகத்தில் ஐப்பசி என்றால் அடைமழை. வடபுலத்தில் வந்து குடியமர்ந்த நமக்கோ அது மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, வறண்ட காற்று வீசத் தொடங்கும் சரத் காலம். குதிகால் வெடிக்கும், உதடு பிளக்கும், சிறுவரின் முழங்காற் சிராய்ப்பு காய்ந்து காய்ந்து மீண்டும் கீறும். அப்பருவத்திலேதான் சந்தைக் கூடைகளில் நெல்லிக்காய் வந்து குவியத் தொடங்குகிறது.

சாந்திரமானக் கார்த்திக மாதத்து வளர்பிறை நவமியன்று நம் அண்டை வீட்டு மகளிர் நெல்லி மரத்துக்கு நூல் சுற்றிப் பூசை செய்து, அதன் நிழலிலேயே உணவு சமைத்து உண்பர். அதற்கு ஆம்லா நவமி என்று பெயர். நம் இளைஞரிற் சிலர் இதனை வடவர் வழக்கம் என்று கூறி ஒதுங்கி நிற்கின்றனர். ஏகாதசி நோன்பிருந்து, துவாதசியன்று நெல்லிக்காய்ப் பச்சடியுடன் பாரணை செய்த பாட்டியரின் பேரர்கள் இவ்வாறு பேசுவது வேடிக்கையே. அதியமான் ஔவைக்கு ஈந்த கனியும் நெல்லிதானே!

இக்காய்க்கும் புண் ஆறுவதற்கும் உள்ள தொடர்பை உலகம் அறிந்த வரலாறு கடலிலே தொடங்குகிறது. 1740 ஆம் ஆண்டில் ஆன்சன் என்னும் ஆங்கிலத் தளபதி போர்க்கப்பல்களுடன் உலகைச் சுற்றப் புறப்பட்டார். பச்சைக் காயும் கனியும் இன்றி, உப்பிட்ட இறைச்சியும் உலர்ந்த பிஸ்கோத்துமே உண்ட மாலுமிகளை ஸ்கர்வி நோய் பற்றியது. ஈறுகள் வீங்கிக் குருதி கசிந்தன; தோலில் கருந்திட்டுகள் தோன்றின. அப்பயணத்தின் வரலாற்று நூலில் ஒரு செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. 1690 இல் பாயின் ஆற்றங்கரைப் போரில் காயமுற்று, முற்றும் குணமடைந்திருந்த ஒரு முதிய வீரனின் தழும்புகள், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அக்கப்பலிலே மீண்டும் பிளந்து புண்ணாயின; முன்பு கூடியிருந்த எலும்பும் விலகிற்று. ஆறிய புண் என்று நாம் கருதுவது ஒருமுறை கட்டி முடித்த சுவரன்று. உடல் அதனை நாள்தோறும் செப்பனிட்டுக் கொண்டே இருக்கிறது.

1747 இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். நாளொன்றுக்கு 2 ஆரஞ்சும் 1 எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைந்து தேறினர். 1753 இல் அவர் நூல் வெளிவந்தும், பிரிட்டிஷ் கடற்படை முழுமைக்கும் எலுமிச்சைச் சாறு வழங்கும் ஆணை 1795 இல்தான் பிறந்தது. கோப்புகள் மெல்ல நகர்வது இக்காலத்து அலுவலகங்களில் மட்டும் அன்று போலும்!

அப்பழங்களில் இருந்த பொருளை உயிர்ச்சத்து ‘சி’ எனக் கண்டறிந்த ஆராய்ச்சிகளுக்காக ஹங்கேரி நாட்டுச் சென்ட்-ஜியோர்ஜி 1937 இல் நோபல் பரிசு பெற்றார். அது புண்ணை ஆற்றுகிறதா என்பதை 1939 இல் ஜான் கிராண்டன் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் தம் உடலிலேயே சோதித்தார். காயும் கனியும் அறவே நீக்கி உண்டார். 3 மாதங்கள் கழிந்ததும் தம் முதுகில் ஒரு கீறல் இடச் செய்தார். அது செவ்வனே ஆறிற்று. 6 மாதங்கள் கழிந்ததும் இட்ட கீறலோ, மேலே மூடியது போல் தோன்றினும் உள்ளே கூடவே இல்லை. உயிர்ச்சத்தை ஊசி வழியே செலுத்தியபின் அதுவும் ஆறியது. காரணம் இதுவே: தோலையும் தழும்பையும் பிணைத்து நிற்பது கொல்லாஜன் என்னும் நார்ப்பொருள். அது மூன்று புரிக் கயிறு போன்றது. அப்புரிகள் உறுதியாக முறுக்கேற ‘சி’ சத்து வேண்டும்; அஃதின்றேல் கயிறு நெகிழ்ந்துவிடும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1918 இல் நீலகிரிக் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் தொடங்கிய உணவாராய்ச்சிக் கூடம், நம் நாட்டு உணவுப் பண்டங்களை ஒவ்வொன்றாக அளந்தது. அக்கூடமே பின்னர் ஐதராபாத்துக்குச் சென்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. குன்னூரார் பட்டியலில் நெல்லிக்கு 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் ‘சி’ சத்து என்று கண்டது. 2017 இல் வந்த புதிய பட்டியலில் அது பாதிக்கும் குறைவு. ஆயினும் ஆரஞ்சைப் போல் பல மடங்கேயாகும்.

1939-40 இல் ஹிசார் வட்டாரத்தில் கொடிய பஞ்சம் நேர்ந்து, மக்களிடையே ஸ்கர்வி தோன்றியபோது, அதைத் தீர்க்க நெல்லியே பயன்பட்டது. அன்று பஞ்சாபிலும் இன்று அரியானாவிலும் உள்ள பகுதி அது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியப் படையினருக்கும் நெல்லிப்பொடி மாத்திரைகள் வழங்கப்பட்டன. நம் நீலகிரியில் அளந்து மதிப்பிட்ட காய், நாம் இன்று வாழும் இவ்வடபுலத்தின் பசித்த மக்களுக்கு மருந்தாயிற்று என்பது நமக்குப் பெருமிதம் தருவதன்றோ!

நெல்லி உண்டால் மேனி சிவக்கும், முகம் பளபளக்கும் என்றெல்லாம் விளம்பரம் செய்வோரை நாம் நம்ப வேண்டுவதில்லை. ‘சி’ சத்து போதிய அளவு உள்ளவர்க்கு மேலும் உண்பதால் புண் இருமடங்கு விரைந்து ஆறிவிடாது. பருப்பும் பாலும் போன்ற புரத உணவும் உடன் வேண்டும். ஆனால் ரொட்டியும் தேநீருமே உணவாகத் தனித்து வாழும் முதியோரிடமும், சமைக்கச் சோம்பி நாள் கழிக்கும் தனி இளைஞரிடமும் ஸ்கர்வி இன்றும் தலைகாட்டுவதை மருத்துவர் கண்டு வருகின்றனர். நம் குடியிருப்பிலும் இவ்விரு வகையினர் உளர். அவர்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் பச்சடி போவதில் யாருக்கும் குறைவு நேராது.

பச்சைக் காயைக் கொட்டை நீக்கி, தேங்காய், பச்சை மிளகாயுடன் அரைத்து, தயிரில் கலந்து கடுகு தாளித்தால் பச்சடி. அண்டை வீட்டார் செய்யும் முரப்பாவோ, காயை முள்ளாற் குத்தி, வேகவைத்துச் சர்க்கரைப் பாகில் ஊறவிடுவது. குளிர்கால மாலையில் ரொட்டியுடன் மிகச் சுவைக்கும், எனினும் நீரிழிவு உடையோர் அதனை விலக்குக. தை முடியும்வரை சந்தையில் காய் தாராளம். அதன்பின் வேண்டுவோர் இப்போதே நறுக்கி, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் இட்டு வைத்துக் கொள்ளலாம்.